மாத்திரை அறிதல்

‘மாத்திரை’ என்பது தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று. இலக்கணம் பயில்வோர் அதனை எழுத்திலக்கணத்தின் தொடக்கத்திலேயே காண்பர். கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைந்நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை எனப்படும். குற்றெழுத்திற்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்திற்கு இரண்டு, மெய்யெழுத்திற்கு அரை. இவ்வளவு சிறிது கூடினும் குறையினும் சொல் வேறாகிவிடும், பொருளும் வேறாகிவிடும். ‘நகம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒரு மாத்திரை நீட்டிச் சொல்லிப் பாருங்கள். ‘நாகம்’ வந்து நிற்கும். விரல் நுனியில் அடங்கிக் கிடந்தது ஒரு நொடியில் படமெடுத்தாடும் பாம்பாகிவிடுகிறது. ஒரு மாத்திரை மிகுந்ததனால் வந்த விளைவு அது.

நோய்க்கு உண்ணும் மருந்தும் தமிழில் மாத்திரை என்றே வழங்குகிறது. இரண்டிற்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அன்று. மாத்திரை என்பதற்கு அளவு என்பதே பொருள். அளந்து ஒலிப்பது எழுத்து. அளந்து உண்பது மருந்து. ஒரு பொருள் சிறிதும் இல்லை என்பதற்கு, “மருந்துக்குக்கூட இல்லை” என்று நாம் இன்றும் கூறுகின்றோம். மிகச் சிறிய அளவைக் குறிக்க நம் முன்னோர் மருந்தையே எடுத்துக்கொண்டனர். அவர்களே எலியைக் கொல்லும் நஞ்சை எலிமருந்து என்றும், பாறையைப் பிளக்கும் பொடியை வெடிமருந்து என்றும் பெயரிட்டு வழங்கினர். மருந்து ஆற்றல் மிக்க பொருள். அளவோடு நின்றாற் காக்கும், அளவு கடந்தால் அழிக்கும் என்னும் உண்மை நம் மொழியிலேயே பொதிந்து கிடக்கின்றது. மொழியைப் பேசும் நாம் அவ்வுண்மையை அறிந்து நடக்கின்றோமா?

மாலை வேளையில் ஒரு மருந்துக் கடையின் எதிரே சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு இவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடும். ஒருவர் வருகின்றார், “தலைவலிக்கு ஒன்று கொடுங்கள்” என்கின்றார். கடைக்காரர் அட்டையில் இரண்டைக் கத்தரித்துக் கொடுக்கின்றார். மருந்தின் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட பகுதி கடையிலேயே நின்றுவிடுகின்றது. மற்றொருவர், “சளியும் காய்ச்சலும், மூன்று வேளைக்கு ஒரு செட் போடுங்கள்” என்கின்றார். நிறம் நிறமாக நான்கைந்து மாத்திரைகள் ஒரு காகித உறையுள் இறங்குகின்றன. மூன்றாமவர் சென்ற ஆண்டு தமக்கு எழுதிக் கொடுத்த சீட்டைத் தம் தம்பிக்காக நீட்டுகின்றார். நான்காமவர் பக்கத்து வீட்டார் உண்ட மாத்திரையின் படத்தைக் கைப்பேசியிற் காட்டுகின்றார். நோயுற்றவரின் வயது என்ன, எத்தனை நாளாக நோய், வேறு மருந்து உண்கின்றாரா என்று கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. நோயாளி வீட்டில் இருக்கின்றார். மருத்துவர் எங்கும் இல்லை. மருந்து மட்டும் கைம்மாறுகின்றது.

மருத்துவரை நாடாது தாமே மருந்தைத் தெரிந்து உண்ணும் இவ்வழக்கத்தைத் தன்மருத்துவம் எனலாம். இதனைக் கண்டவுடன் மக்களை அறிவிலிகள் என்று பழித்தல் எளிது. ஆயினும் அது நேர்மை ஆகாது. நாட்கூலியால் வாழும் ஒருவர் மருத்துவமனை சென்று வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். தனியார் மருத்துவரிடம் சென்றால் பார்க்கும் கட்டணமும், சோதனைக் கட்டணமும், மருந்து விலையும் சேர்ந்து பல நாள் உழைப்பை விழுங்கிவிடும். கடையோ தெருமுனையில் இருக்கின்றது, இரவிலும் திறந்திருக்கின்றது, ஐந்து பத்து உருவாயில் வேலை முடிந்துவிடுகின்றது. ஆகவே, இவ்வழக்கம் அறியாமையால் மட்டும் வந்ததன்று. வறுமையாலும், தொலைவாலும், நேரமின்மையாலும் வந்தது. எனினும் நோய்க்கு நம் வறுமை தெரியாது, மருந்திற்கும் தெரியாது. காரணம் எதுவாயினும் உடலில் நேரும் விளைவு ஒன்றே.

பிறரைப் பற்றிக் கூறுமுன் என்னைப் பற்றிக் கூறுதல் முறையாகும். முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றுகொண்டே தமிழ் கற்பித்தவன் யான். ஓய்வு பெற்றபின் முழங்கால் வலி மிகுந்தது. நண்பர் ஒருவர் தாம் உண்ணும் வலி மாத்திரையின் பெயரைச் சொன்னார். கடையிற் கேட்டேன், கொடுத்தார்கள். முதல் நாளே வலி தணிந்தது, மகிழ்ந்தேன். நாளொன்றுக்கு ஒன்று என்பது பின்னர் இரண்டாயிற்று. காலையில் வெறுவயிற்றில் உண்டுவிட்டு நடைப்பயிற்சிக்குச் செல்வேன். இரத்த அழுத்தத்திற்கு முன்னரே மருந்து உண்டு வருபவன் யான், அதனைக் கடையிற் கூறினேனல்லேன், அவர்களும் வினவினாரல்லர். சில திங்கள் கழிந்தன. ஒருநாள் தலை சுழன்று விழுந்தேன். மலம் தாரைப் போலக் கறுத்திருந்தது. அரசு மருத்துவமனைக்கு என்னைக் கொண்டு சென்றனர். வலி மாத்திரையால் இரைப்பையிற் புண் உண்டாகி, உள்ளே குருதி கசிந்துகொண்டிருக்கின்றது என்று கண்டறிந்தனர்.

இளம் மருத்துவர் ஒருவர் என் அருகில் அமர்ந்து, “ஐயா, இதுவரை எத்தனை மாத்திரை உண்டிருப்பீர்கள்?” என்று கேட்டார். எவ்வெழுத்திற்கு எத்தனை மாத்திரை என்று உறக்கத்திற் கேட்டாலும் சொல்ல வல்லவன் யான். உண்ட மாத்திரை எத்தனை என்று கேட்டபொழுது என்னால் விடை கூற இயலவில்லை. அன்று அடைந்த நாணம் நோயினும் பெரிது.

நாணத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கியவன் யான். அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் முதற் பாட்டு நோய் பிறக்கும் வகையைக் கூறுகின்றது. அடுத்த ஆறும் உணவையும் அதன் அளவையுமே பேசுகின்றன. மருத்துவன் செயல் கடைசி மூன்றிலேதான் வருகின்றது. நோய் இன்னதெனவும், அதன் காரணம் இன்னதெனவும், அதனைத் தணிக்கும் வழி இன்னதெனவும் ஆராய்ந்தபின் பிழையின்றிச் செய்தல் வேண்டும் என்பது ஒன்று. நோயுற்றவன் நிலை, நோயின் நிலை, காலத்தின் நிலை ஆகிய மூன்றையும் கற்றறிந்த மருத்துவன் அளந்து பார்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது இறுதியானது. இந்நான்கில் மருந்து ஓர் உறுப்பே. அவ்வோர் உறுப்பை மட்டும் விலை கொடுத்து வாங்கிவிட்டு, மருத்துவம் முழுவதையும் வாங்கிவிட்டதாக எண்ணுவதே தன்மருத்துவத்தின் பிழை. இதனைப் பிறர்க்குக் கற்பித்த யானே மறந்தேன்.

திருவள்ளுவர் கூறிய மூன்று அளவுகளையும் இன்றைய மருத்துவ அறிவோடு ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது, நோயுற்றவனின் அளவு. ஒருவர்க்கு ஏற்ற மருந்து மற்றொருவர்க்கு ஏலாது. பெரியவர் உண்ணும் மாத்திரையைப் பாதியாக ஒடித்தால் குழந்தைக்கு உரியதாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். குழந்தைக்குரிய அளவு அதன் எடையைக் கொண்டு கணக்கிடப்படுவது. சில மருந்துகளைக் குழந்தைக்குக் கால் அளவும் கொடுத்தலாகாது. ஆஸ்பிரின் அத்தகையது. வைரஸ் காய்ச்சலுற்ற சிறுவர் அதனை உண்டால், மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோய் அரிதாக உண்டாகக்கூடும் என்பதனால், மருத்துவர் குறித்தாலன்றி அதனைச் சிறுவர்க்குக் கொடுப்பதில்லை. கருவுற்ற மகளிர், முதியோர், சிறுநீரகம் நலிந்தோர், இரத்த அழுத்தம் உடையோர் ஆகியோர்க்கும் தனித்தனி அளவுகள் உண்டு. அயலார்க்கு நலம் செய்த மாத்திரை எனக்குப் புண் செய்ததும் இதனாலேயே.

இவ்விடத்தில் மருந்தின் அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாராசிட்டமால் என்பது காய்ச்சலுக்கும் வலிக்கும் வீடுதோறும் இருக்கும் மருந்து. உரிய அளவில் உண்டால் பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. ஆயினும் வளர்ந்தவரும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் அதனை உண்ணலாகாது. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு உண்டால் 3.9 கிராம், ஏழாவது மாத்திரை எல்லையைக் கடந்துவிடும். கடந்தால் ஈரல் அழியக்கூடும். “ஒரே நாளில் ஏழு மாத்திரையை யார் உண்பார்?” என்று நீங்கள் வினவலாம். காய்ச்சலுக்கு ஒரு பெயரில் வாங்கிய மாத்திரையிலும், சளிக்கு வேறொரு பெயரில் வாங்கிய மாத்திரையிலும், உடல்வலிக்கு மூன்றாவது பெயரில் வாங்கியதிலும் அதே பாராசிட்டமால் இருக்கக்கூடும். பெயர் மூன்று, பொருள் ஒன்று. அட்டையிற் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். சிறிய எழுத்தைப் படியாதவர் தம்மை அறியாமலே மும்மடங்கு உண்கின்றார்.

இரண்டாவது, நோயின் அளவு. காய்ச்சல் ஒரு நோயன்று. பல நோய்களுக்கும் பொதுவான அடையாளம். டெங்குவும், மலேரியாவும், டைபாய்டும், எலிக்காய்ச்சலும் காய்ச்சலாகவே தொடங்குகின்றன. டெங்குவினால் உடல்வலி மிகும்பொழுது ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை உண்டால் குருதி கசியும் தீங்கு பெருகும். வலியைப் போக்க உண்டது உயிரைப் போக்கவும் கூடும். இன்னும் ஒன்று. மார்பில் வலி எழுந்தவுடன், “வாயுப் பிடித்துக்கொண்டது” என்று சோடாவும் செரிமான மாத்திரையும் வாங்கி உண்டு படுத்துக்கொள்வோர் நம்மிடையே பலர். அவ்வலி நெஞ்சடைப்பாக இருந்தால், படுத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத்தசை சிறிது சிறிதாக மாய்ந்துகொண்டிருக்கும். மருந்து வலியை மறைக்கலாம். நோயை மறைக்கும்பொழுது அது நோய்க்குத் துணையாகிவிடுகின்றது.

மூன்றாவது, காலத்தின் அளவு. இதனை அறியாமையால் விளையும் கேடு உண்டவரோடு நில்லாது ஊருக்கும் பரவுவது. 1928-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர் இலண்டன் மாநகரில் பென்சிலினைக் கண்டறிந்தார். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை அழிக்கும் அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 1945-ஆம் ஆண்டில் அவருக்கும் புளோரி, செயின் என்னும் இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற பேருரையில் அவர் தம் மருந்தின் பெருமையைக் கூறியதோடு அமையாது, ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். தொண்டை வலியுற்ற ஒருவன் தானே பென்சிலின் வாங்கிக் குறைந்த அளவில் உண்கின்றான் என வைத்துக்கொள்வோம் என்றார். அவ்வளவு நுண்ணுயிர்களைக் கொல்லப் போதாது. மருந்தை எதிர்த்து நிற்க அவற்றைப் பழக்குவதற்கே போதும். அவ்வாறு பழகிய நுண்ணுயிர்கள் அவன் மனைவியைப் பற்றுகின்றன. அவள் நுரையீரல் அழற்சியுற்றுக் கிடக்கின்றாள். பென்சிலின் கொடுத்தும் பயனின்றி இறக்கின்றாள். அவள் இறப்பிற்குக் காரணம் கணவனின் பொறுப்பின்மையே என்பது அவர் காட்டிய முடிவு. அம்மருந்து உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்திலேயே, அதனைக் கண்டறிந்தவர் வாயாலேயே வந்த எச்சரிக்கை அது.

அவர் அஞ்சியது நிகழ்ந்துவிட்டது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வைரஸ்மீது செயற்படுவதில்லை. சாதாரணச் சளிக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் காரணம் வைரஸே. எனினும் சளி பிடித்தால் அம்மருந்துகளை வாங்கி இரண்டு நாள் உண்டு, மூன்றாம் நாள் நிறுத்திவிடுவோர் பலர். “விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்னும் பழமொழியையும் துணைக்கு அழைப்பர். அப்பழமொழி கைமருந்திற்கு எல்லை வகுப்பது. மருத்துவர் குறித்த மருந்தை இடையில் நிறுத்தச் சொல்வதன்று. இவ்வாறு தேவையின்றி உண்டும், குறைவாக உண்டும், நுண்ணுயிர்களுக்கு நாமே போர்ப்பயிற்சி அளித்து வருகின்றோம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

காலத்தின் அளவைக் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சென்னை மாநகரிலேயே ஒரு சான்று உண்டு. 1956-ஆம் ஆண்டில் அங்குக் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. காசநோயாளரை மருத்துவ விடுதியில் நெடுநாள் வைத்திருத்தல் வேண்டும் என்பதே அக்காலக் கொள்கை. ஏழைகள் வாழும் சிறு வீடுகளிலேயே இருந்துகொண்டு மருந்துண்டாலும் அதே பயன் கிட்டும் என்று அந்நிலையத்தார் 1959-ஆம் ஆண்டில் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டினர். ஆனால், அவர்கள் மற்றோர் உண்மையையும் கண்டனர். இருமல் தணிந்தவுடன் பலர் மருந்தை விட்டுவிடுகின்றனர். விட்டவரிடம் நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்புகின்றது. எனவே, மருந்தை ஒருவர் கண்முன்னே உண்ணச் செய்யும் முறை வகுக்கப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவியது. திருக்குறள் கூறும் ‘உடனிருந்து கொடுப்பவன்’ வேறு யார்?

இனி, தன்மருத்துவத்தை ஆதரிப்போர் கூறும் இரண்டு வாதங்களை ஆராய்வோம். “எத்தனையோ முறை இவ்வாறே உண்டேன், நோய் தீர்ந்தது” என்பது முதல் வாதம். சளி முதலிய சிறு நோய்கள் மருந்தின்றியே சில நாட்களில் தீர்வன. தீரும் நாளில் வயிற்றில் ஒரு மாத்திரை இருந்தால், புகழ் அதனைச் சேர்கின்றது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது.

“நம் முன்னோர் மருத்துவரைத் தேடியா ஓடினர்? அஞ்சறைப் பெட்டியிலேயே மருந்து இருந்ததே” என்பது இரண்டாம் வாதம். உண்மைதான், பாட்டியின் சுக்கும் மிளகும் பல தொல்லைகளைத் தணித்தன. ஆயினும் அவை உணவோடு ஒட்டிய பொருள்கள். எவ்வளவு இடுவது, யாருக்கு இடுவது என்பதைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் அறிந்திருந்தனர். பாடாணத்தையும் செந்தூரத்தையும் எந்தப் பாட்டியும் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு அள்ளி அள்ளிக் கொடுக்கவில்லை. அவை வைத்தியர் கையிலேயே இருந்தன. ஏலாதி என்னும் மருந்தின் பெயரால் நம் மொழியில் ஓர் அறநூலே உண்டு. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என அளந்து சேர்ப்பது அம்மருந்து. சமையலறைச் சரக்கிற்கே அளவு வகுத்தவர் நம் முன்னோர். அவர்கள் பெயரைச் சொல்லி அளவின்றி உண்பது அவர்களைப் போற்றுவதாகாது. நாட்டு மருந்து என்றாலே தீங்கற்றது என்று நம்பி, பெயரும் உரிமமும் இல்லாத பொடிகளை வாங்கி உண்பதும் இத்தகைய மயக்கமே.

மக்கள் தம் நோய்க்குத் தாமே ஒன்றும் செய்தலாகாது என்று யான் கூறவில்லை. அறிவு உடன்வரும்பொழுது மருந்து மக்கள் கையிலும் நன்மை செய்யும். 1971-ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்திற்கு ஏதிலிகளாக வந்த மக்களிடையே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர் போதவில்லை. திலீப் மகாலானபிசு என்னும் மருத்துவர் உப்பையும் குளுக்கோசையும் அளந்து நீரிற் கரைத்து, நோயாளரின் உறவினர் கையிற் கொடுத்து அவர்களையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்கிற்கும் கீழாகக் குறைந்தது. இன்று வயிற்றுப்போக்கிற்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும், கரண்டியின் தலை தட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம் என்பதைப் பலரும் அறிவர். இதிலும் உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கே. அங்கே மக்கள் கையிற் சென்றது உப்பும் சர்க்கரையும் மட்டுமல்ல. அளவும் உடன் சென்றது. ஆதலால் அது உயிர் காத்தது.

மாணவர்களாகிய உங்களை நேரே தாக்கும் ஒரு தீங்கையும் கூறுதல் வேண்டும். முகம் வெளுக்கும் என்று சொல்லக் கேட்டு, இளைஞர் பலர் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை வாங்கி நாள்தோறும் முகத்திற் பூசுகின்றனர். அவை சில தோல் நோய்க்கு, சில நாட்களுக்கு, மருத்துவர் குறித்துக் கொடுக்கும் மருந்துகள். முதலில் முகம் பொலிவது போலத் தோன்றும். பின்னர்த் தோல் மெலியும், சிவக்கும், பரு மிகும், மயிர் முளைக்கும், நிறுத்தினால் எரியும். இக்களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்தது. நிறம் நோயன்று, நோயல்லாததற்கு மருந்தும் இல்லை. கரிய நிறத்தைக் குறையென்று எண்ணும் மனமே மருந்து வேண்டி நிற்பது.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் 1945-இல் வகுத்த விதிகளில் ‘எச்’ அட்டவணை என ஒன்று உண்டு. அதிற் கண்ட மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ‘எச் 1’ என்னும் அட்டவணையும் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனி ஏட்டிற் பதிந்து மூன்றாண்டு காத்தல் வேண்டும். மருத்துவர் சீட்டு வேண்டும் மருந்தின் அட்டையிற் சிவப்புக் கோடு ஒன்று ஓடுவதைக் காண்பீர்கள். அக்கோட்டின் பொருளை மக்கள் அறியவேண்டுமென்று அரசு 2016-ஆம் ஆண்டில் பரப்புரையும் செய்தது. ஆயினும் வாங்குவோர் வற்புறுத்த, விற்போர் இசைய, கோடு அட்டையிலேயே நின்றுவிடுகின்றது.

ஆதலின், கடமை மூவர்க்கும் உண்டு என்பதே என் கருத்து. கடைக்காரர் வெறும் வணிகர் அல்லர். மருந்தியல் கற்றவர் இருந்து நடத்தவேண்டிய தொழில் அது. “சீட்டு எங்கே?” என்று கேட்டல் அவர் அறம். அரசு, மருத்துவரை மக்களுக்கு அண்மையிற் கொண்டு வருதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்குரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்க்கின்றது. அத்தகைய முயற்சி காய்ச்சலுற்ற கூலித் தொழிலாளிக்கும், அவர் கூலி போகாத வேளையில், எட்டுதல் வேண்டும். மாலையிலும் திறந்திருக்கும் மருத்துவ நிலையம் தெருத்தோறும் அமையுமானால், தெருமுனைக் கடையிலே மருத்துவம் தேடுவோர் தாமே குறைவர். இவ்விரண்டும் நிகழுமளவும் காத்திராமல் மக்களும் தம் கடமையைத் தொடங்குதல் வேண்டும்.

அக்கடமை பெரிதன்று. எந்த மாத்திரையையும் வாயிலிடுமுன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். இதன் உண்மைப் பெயர் என்ன? எந்த நோய்க்கு உரியது? எத்தனை, எத்தனை நாள்? உணவுக்கு முன்னா, பின்னா? முன்னரே உண்ணும் மருந்தோடு இது ஒத்துப்போகுமா? ஐந்திற்கும் விடை தெரிந்தால் உண்ணுங்கள். ஒன்றற்கு விடை தெரியாவிட்டாலும் அறிந்தவரைக் கேளுங்கள். குழந்தைக்கும் முதியவர்க்கும் வரும் காய்ச்சல், மூச்சுத் திணறல், மார்வலி, குருதிப் போக்கு ஆகியவற்றிற்கு வினாவும் வேண்டா. உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் இல்லங்களில் எழுதப் படிக்க அறியாத பெரியோர் இருக்கலாம். அறிந்திருந்தும் கண்ணொளி மங்கியோர் இருக்கலாம். மருந்து அட்டையின் சிறிய எழுத்தை அவர்களால் படிக்க இயலாது, உங்களால் இயலும். மாலையில் பாடம் படித்து முடித்தபின் பாட்டியின் மாத்திரைப் பெட்டியை எடுத்து, காலங்கடந்தவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றின் பெயரையும் அளவையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்வி உங்கள் இல்லத்திற்குச் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.

எனக்கு அன்று மருத்துவமனையில் கொடுத்த சீட்டு இன்றும் என் மேசைமேல் இருக்கின்றது. அதில் மருந்தின் பெயருக்கு நேரே எத்தனை, எவ்வேளை, எத்தனை நாள் என மூன்று குறிப்புகள் இருக்கின்றன. மருந்தைக் கடையில் வாங்கினேன். அம்மூன்றையும் கடையில் வாங்க இயலாது. இப்பொழுது ஒவ்வொரு மாத்திரையையும் எண்ணி உண்கின்றேன். எழுத்தின் மாத்திரையைப் பிழைத்தால் சொல் கெடும். மருந்தின் மாத்திரையைப் பிழைத்தால் உடல் கெடும். சொல்லைத் திருத்திக்கொள்ளலாம், உடலைத் திருத்துதல் அத்துணை எளிதன்று.